ரிப்போர்ட்டில் 'க்ரானிக் எண்டோமெட்ரைடிஸ்' என்று வந்திருக்கிறது. இது கர்ப்பப்பைப் புண்ணா?

செம்பருத்தி
திங்கள், இரவு 10.52

வணக்கம். ரொம்ப நாளாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 31, திருப்பூர் பக்கம். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இரண்டு தடவை கரு தங்கி, எட்டாவது ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை முழுதாக வெளியேறவில்லை என்று சுத்தம் செய்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடமாக ஒன்றும் நிற்கவில்லை.

இந்த இரண்டு வருடத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். முதலில் பார்த்தவர் "கர்ப்பப்பையில் புண் இருக்கிறது" என்று பத்து நாள் மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் ஸ்கேனைப் பார்த்து "கர்ப்பப்பை லேசாக வீங்கியிருக்கிறது" என்றார். அதற்கும் மாத்திரைதான். இப்போது பார்ப்பவர்தான் கேமரா விட்டு உள்ளே பார்த்து, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் இன்று சாயங்காலம் கைக்கு வந்தது. "க்ரானிக் எண்டோமெட்ரைடிஸ். ஸ்ட்ரோமாவில் பிளாஸ்மா செல்கள் காணப்படுகின்றன. சிடி 138 பாசிட்டிவ்." இவ்வளவுதான் அதில் இருக்கிறது. டாக்டரை வியாழக்கிழமைதான் பார்க்க முடியும்.

போனில் தேடினால் ஒரு பக்கம் ஒன்று சொல்கிறது, அடுத்த பக்கம் வேறொன்று சொல்கிறது. மாமியார், "புண் என்றால் உள்ளே அழுகுகிறதா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு நாள் பழுப்பு நிறத்தில் கறை படும், மற்றபடி ஒன்றுமில்லை. தெரிந்தவர்கள் யாராவது இதைத் தமிழில் புரியும்படி சொல்லுங்கள். மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.


கொங்குமகள்
திங்கள், இரவு 11.20

செம்பருத்தி, என் தங்கைக்கும் இதேதான். மாதவிலக்கு வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள். லேப்ராஸ்கோபி செய்து கட்டியை எடுத்தார்கள், இப்போது பரவாயில்லை. பயப்படாதீர்கள்.


நுண்ணோக்கி
செவ்வாய், காலை 6.35

கொங்குமகள், உங்கள் தங்கைக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். செம்பருத்திக்கு வந்திருப்பது எண்டோமெட்ரைடிஸ். பெயர் அக்கா தங்கை மாதிரி இருப்பதால் எல்லோருக்குமே இந்தக் குழப்பம் வருகிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு அதற்கு வெளியே, சினைப்பையிலோ வயிற்றுக்குள் வேறு இடத்திலோ வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். மாதவிலக்கு வலி பெரும்பாலும் அதில்தான் உயிரை எடுக்கும். எண்டோமெட்ரைடிஸில் உள்சவ்வு இருக்கவேண்டிய இடத்திலேயேதான் இருக்கிறது, அதில் அழற்சி வந்திருக்கிறது. கருப்பை உள்சவ்வு அழற்சி என்று சொல்லலாம்.

செம்பருத்தி, நான் பயாப்ஸி ஸ்லைடுகளைப் படிக்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் உங்கள் ரிப்போர்ட்டின் மூன்று வரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

உள்சவ்வில் வெள்ளணுக்கள் இருப்பது இயல்பு. மாதவிலக்கு நெருங்க நெருங்க அவை கூட்டமாகவே வந்து சேரும். ஆகவே வெள்ளணு தெரிகிறது என்பதற்காக அழற்சி என்று எழுதிவிட முடியாது. நாங்கள் தேடுவது பிளாஸ்மா செல் என்ற ஒரு வகையை. நோய்க்கிருமிக்கு எதிர்ப்புப் பொருள் தயாரிக்கிற செல் அது. அதன் உட்கரு நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். உட்கருவுக்குள் கடிகாரத்தில் எண்கள் நிற்பதுபோல் சுற்றிலும் கரும்புள்ளிகள் தெரியும். சாதாரணச் சாயத்தில் பார்த்தால் பக்கத்துச் செல்களோடு கலந்து கண்ணை ஏமாற்றிவிடும். சிடி 138 என்கிற சிறப்புச் சாயம் போட்டால் பழுப்பாகத் தனித்துத் தெரியும். சுரப்பிகளும் அதே சாயத்தைப் பிடிக்கும் என்பதால் சுரப்பிக்கு வெளியே, ஸ்ட்ரோமா என்ற அடித்திசுவில் இருப்பதை மட்டும்தான் எண்ண வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் 'ஸ்ட்ரோமாவில்' என்று எழுதியிருப்பது அதனால்தான். கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எத்தனை பிளாஸ்மா செல் இருந்தால் நோய் என்பதில் இன்னும் எல்லோரும் ஏற்ற அளவு கிடையாது. ஒன்றிரண்டைப் பார்த்தாலே எழுதுகிற ஆய்வகமும் உண்டு, அதைப் பொருட்படுத்தாத ஆய்வகமும் உண்டு. இந்தச் சிக்கல் புதிதல்ல. முன்பெல்லாம் டாக்டர்கள் 'எண்டோமெட்ரைடிஸ்' என்று தாராளமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 1908இல் வியன்னாவில் ஹிட்ச்மன், ஆட்லர் என்ற இரண்டு பேர், உள்சவ்வு ஒரு மாதத்துக்குள் எப்படியெல்லாம் மாறுகிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டினார்கள். அதுவரை அழற்சி என்று நினைத்து வைத்தியம் பார்த்த பல தோற்றங்கள், மாதவிலக்குக்கு முந்தைய நல்ல ஆரோக்கியமான சவ்வுதான் என்று அப்புறம்தான் விளங்கியது. எத்தனை பெண்கள் இல்லாத நோய்க்கு வேதனைப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் வியாழக்கிழமை டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை செல் பார்த்தார்கள்? கிரானுலோமா, அதாவது அழற்சிச் செல்கள் உருண்டையாகக் கூடி நிற்கும் அடையாளம், இருக்கிறதா என்று தேடினார்களா? இரண்டாவது கேள்வி காசநோய்க்காக. நம் ஊரில் அதைக் கேட்காமல் விடக்கூடாது.


செம்பருத்தி
செவ்வாய், காலை 9.10

ரொம்ப நன்றிங்க. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. ஒரு சந்தேகம். உள்சவ்வு மாதா மாதம் உதிர்ந்து போவதுதானே? அப்படியென்றால் அழற்சியும் அதோடு போய்விட வேண்டாமா?


நுண்ணோக்கி
செவ்வாய், பகல் 1.15

ரொம்ப நல்ல கேள்வி. முழுதாக உதிர்வதில்லை. மேல் அடுக்குதான் உதிரும். அடி அடுக்கு அப்படியே நிற்கும், அதிலிருந்துதான் அடுத்த மாதச் சவ்வு முளைக்கும். கிருமியும் பிளாஸ்மா செல்லும் அடியில் தங்கிவிட்டால் புதுச் சவ்வும் அதே அழற்சியோடுதான் வளரும். குடல்வாழ் கிருமிகள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், மைக்கோப்ளாஸ்மா என்று பல வகை இதற்குக் காரணமாகலாம். கரு கலைந்து துணுக்கு உள்ளே தங்கிப்போவதும் ஒரு வழி. உங்கள் விஷயத்தில் அதையும் யோசிக்கவேண்டும்.

வலி இல்லாததைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாள்பட்ட வகையில் பாதிப்பேருக்கு மேல் ஒன்றுமே தெரியாது என்றுதான் நான் சொல்வேன். கறை படுவது, லேசான அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல், இவ்வளவுதான் மிஞ்சிப்போனால் இருக்கும். கரு வந்து பதியவேண்டிய இடம் அமைதியாக இல்லை என்பதுதான் இதில் பிரச்சினை. அடிக்கடி கரு கலைகிறவர்களிடமும், ஐவிஎஃப் பலமுறை கைகூடாதவர்களிடமும் இது அதிகமாகத் தென்படுகிறது.


தாமிரபரணி
செவ்வாய், மாலை 4.40

காசநோய் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எனக்கு இருந்தது அதுதான், உள்சவ்வில் டிபி. வாழ்நாளில் ஒரு நாள் இருமியதில்லை. எடை குறையவில்லை. மாதவிலக்கு மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்து, கடைசியில் ஒரு நாள் பொட்டுப் பொட்டாகப் பட்டதோடு சரி.

நான் சொல்ல வந்தது பாட்டில் கதை. முதல் தடவை சதை எடுத்தபோது மொத்தத்தையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து டிபி கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை) ரிசல்ட் கேட்டால், ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வைக்க முடியாது என்றார்கள். அந்த வலியை அடுத்த மாதம் மறுபடி பட்டேன். இரண்டாவது தடவை டாக்டர் அறைக்குள் போகும்போதே நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒன்றில் ஃபார்மலின், அது ஸ்லைடுக்கு. இன்னொன்றில் வெறும் சலைன், அது கல்ச்சருக்கும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனைக்கும். சலைன் பாட்டிலில் சதை நூல் நூலாக மிதந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில்தான் கண்டுபிடித்தார்கள்.

ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. அரசு மையத்தில் முழுக்க இலவசம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பதறிவிட்டேன், அது ரிஃபாம்பிசின் வேலைதான் என்று சுகாதாரப் பணியாளர் அக்கா சொன்னார். சத்துணவுக்கு எனக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். கூச்சப்பட்டு வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

நோய் போய்விட்டது, ஆனால் குழாய் இரண்டும் அதற்குள் அடைபட்டுவிட்டன. டிபி முதலில் போய் உட்காருவது குழாயில்தானாம், அங்கிருந்துதான் சவ்வுக்கு மாதா மாதம் இறங்குமாம். ஐவிஎஃப் செய்தோம். இரண்டாவது முறை நின்றது. மகளுக்கு இப்போது ஒன்றரை வயது.


அகல்விளக்கு
செவ்வாய், இரவு 8.05

எனக்குப் பிசிஆர் மட்டும் எடுத்து, பாசிட்டிவ் என்று டிபி மாத்திரை தொடங்கிவிட்டார்கள். மூன்று வாரம் ஆகிறது. சிபிநாட் என்று எதுவும் எடுக்கவில்லை. இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?


நுண்ணோக்கி
செவ்வாய், இரவு 8.30

அகல்விளக்கு, நிறுத்தாதீர்கள். டிபி மருந்தைப் பாதியில் தானாக நிறுத்துவது எந்தச் சந்தேகத்தையும் விட ஆபத்து. ஆனால் கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை. பிசிஆர் கிருமியின் டிஎன்ஏ துணுக்கைத்தான் பிடிக்கிறது. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்ததா, ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது. அதனால் அதை மட்டும் நம்பி ஆறு மாத மருந்து தொடங்குவதைப் பலரும் ஏற்பதில்லை. ஸ்லைடில் கிரானுலோமா, கல்ச்சர், சிபிநாட், லேப்ராஸ்கோபியில் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம், இதில் எது இருந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் ஃபைலோடு மாவட்ட காசநோய் மையத்துக்கோ இன்னொரு டாக்டரிடமோ போங்கள். அதுவரை மாத்திரை தொடரட்டும்.


கெடிலக்கரையான்
புதன், காலை 5.50

இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை. அவசரம். மனைவிக்கு சிசேரியன் ஆகி இன்று ஆறாவது நாள். மாமியார் வீட்டில் இருக்கிறாள், கிராமம். நேற்று இரவிலிருந்து குளிர் நடுங்கிக் காய்ச்சல், 102 காட்டுகிறது. அடிவயிறு தொட்டாலே கத்துகிறாள். பால் கட்டினால் காய்ச்சல் வரும் என்று மாமியார் கஷாயம் கொடுத்திருக்கிறார். பாராசிட்டமால் போட்டால் இறங்கி மறுபடி ஏறுகிறது. விடிந்ததும் பக்கத்து டாக்டரைப் பார்த்தால் போதுமா?


வைகைக்கரை
புதன், காலை 5.58

தம்பி, விடியக் காத்திருக்காதீர்கள். இப்போதே 108க்கு அடியுங்கள். "சிசேரியன் ஆகி ஆறு நாள், குளிர் காய்ச்சல், அடிவயிற்று வலி" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். பிரசவம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையையும் கூடவே கூட்டிப் போங்கள், தாய்ப்பால் நிற்கவேண்டாம். பால் கட்டிய காய்ச்சல் மூன்றாவது நான்காவது நாளில் வந்து ஒரு நாளில் போய்விடும், மார்பு கல் மாதிரி இருக்கும். இது அது இல்லை. போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுதுங்கள் ஐயா.


கெடிலக்கரையான்
புதன், காலை 9.25

சேர்த்துவிட்டோம். கர்ப்பப்பைக்குள் இன்ஃபெக்ஷன் என்று சொல்லி உடனே டிரிப்பில் மருந்து ஏற்றுகிறார்கள். கிளிண்டாமைசின், ஜென்டாமைசின் என்று சீட்டில் இருக்கிறது. ஸ்கேனும் எடுக்கிறார்கள். கீழே வருகிற போக்கில் கெட்ட வாடை வந்ததா என்று கேட்டார்கள், வந்தது என்று அவள் அம்மாவே சொன்னார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. நன்றி அம்மா.


வைகைக்கரை
புதன், இரவு 9.40

மதியம் முழுக்க இந்தப் பிள்ளை நினைப்பாகவே இருந்தது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

34 வருடம் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மேலே செம்பருத்தி கேட்டது நாள்பட்ட அழற்சி. தம்பி மனைவிக்கு வந்தது அதே உள்சவ்வில் திடீரென்று வருவது. இடம் ஒன்று, குணம் வேறு. அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். இது இரண்டு நாளில் ரத்தத்தில் கலந்து ஆளைக் கொண்டுபோய்விடும்.

என் ஆச்சி காலத்தில் இதற்கு ஒரே பெயர்தான், ஜன்னி. "பிள்ளை பெற்று ஏழாம் நாள் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள்" என்று எத்தனை வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பச்சை உடம்பில் குளிர்காற்று பட்டதால் வந்தது, பத்தியம் தவறியதால் வந்தது என்றுதான் நினைத்தார்கள். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு ஆறாத ரணமாக இருக்கும். கையிலோ கருவியிலோ துணியிலோ வருகிற கிருமி, உடம்பிலேயே கீழே இருக்கிற கிருமி, எது அங்கே ஏறினாலும் போதும். சிசேரியனில் இது வர வாய்ப்பு சாதாரணப் பிரசவத்தை விட பல மடங்கு. அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்னாலேயே ஒரு ஊசி ஆன்டிபயாடிக் போட்டுவிடுகிறோம். அது வந்த பிறகு இந்தக் காய்ச்சல் பாதிக்கு மேல் குறைந்ததை என் வார்டிலேயே பார்த்தேன்.

கை கழுவுவது பற்றி எங்கள் நர்சிங் பள்ளியில் செம்மல்வைஸ் என்ற டாக்டரின் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நுண்ணோக்கி சொன்ன அதே வியன்னா, அதற்கும் அறுபது வருடம் முன்னால், 1847. பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவு. ஒன்றில் டாக்டர் மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில் தாய்மார் சாவு பல மடங்கு. அங்கே சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து அழுவார்களாம். செம்மல்வைஸின் நண்பர் கொலெட்ஷ்காவுக்குப் பிண அறுவையின்போது ஒரு மாணவன் கத்தி கையில் பட்டு, அதே மாதிரி காய்ச்சல் வந்து இறந்துபோனார். அப்போதுதான் செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள்! குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டுக்கு வந்தது. அவர் சொன்னதைப் பலரும் ஏற்கவில்லை, 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

வார்டில் நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தது இதுதான். காய்ச்சல் ஏறுமுன் நாடி ஓடும். நிமிடத்துக்கு 110, 120 என்று போனால் தெர்மாமீட்டர் சும்மா இருந்தாலும் விடாதே. பேடைப் பார், நிறத்தைப் பார், வாடையைப் பார். பிரசவமான பிறகு வருகிற போக்குக்குப் பச்சை ரத்த வாடைதான் இருக்கும், அழுகிய வாடை இருக்கக்கூடாது. ஆனால் வாடை இல்லை என்று தைரியமாகவும் இருந்துவிடக்கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸில் ஒரு வகை வாடையே இல்லாமல் வேகமாகக் கொல்லும். கர்ப்பப்பையை மெல்ல அமுக்கினால் முகம் சுளிக்கிறாளா என்று பார்.

வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கு ஒரு வேண்டுதல். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைக்காதீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்றட்டும். துணி என்றால் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவேண்டும், கதவுக்குப் பின்னால் இருட்டில் இல்லை. பிரசவ மருந்தை உங்கள் விருப்பப்படி கொடுங்கள், அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 38 டிகிரி, அதாவது 100.4 தாண்டினால் எந்த லேகியமும் ஆஸ்பத்திரிக்கு ஈடில்லை.

தம்பி, 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்க ஆரம்பிக்கவேண்டும். மூன்றாவது நாளும் இறங்கவில்லை என்றால், உள்ளே நஞ்சுத் துணுக்கு தங்கியிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.


கொங்குமகள்
வியாழன், காலை 7.15

நான் முதலில் தப்பாகச் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும், இப்போதுதான் வித்தியாசம் புரிகிறது. அப்படியே எங்கள் அம்மா விஷயமும் கேட்டுவிடுகிறேன். 46 வயது. வெள்ளைப்படுகிறது என்று போனதற்கு "கர்ப்பப்பையில் புண், எடுத்துவிடுவது நல்லது" என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் எண்டோமெட்ரைடிஸ்தானா?


வைகைக்கரை
வியாழன், காலை 8.30

கண்ணு, 'புண்' என்ற ஒரு வார்த்தையில் எத்தனை கர்ப்பப்பை போயிருக்கிறது தெரியுமா? உள்ளே கருவி வைத்துப் பார்த்துவிட்டுப் புண் என்று சொன்னால், பெரும்பாலும் அவர்கள் பார்த்தது கர்ப்பப்பையின் வாயை. வாயின் உள்பக்கத்து மெல்லிய சிவந்த சவ்வு வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். பார்க்கச் சிவப்பாக இருக்கும், ஆனால் அது காயமே இல்லை. பிள்ளை பெற்ற பலருக்கும் இருப்பதுதான். உள்சவ்வு அழற்சி வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனில் 'பல்க்கி' என்று எழுதியிருப்பதும் வேறு, அது கர்ப்பப்பை பருத்திருப்பது. செம்பருத்திக்கு முதல் இரண்டு டாக்டர் சொன்னதும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு முதலில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள், காசு வேண்டாம். அது நன்றாக இருந்தால் வெள்ளைப்படுதலுக்கு வைத்தியம் பார்த்தால் போதும். இன்னொரு டாக்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் மட்டும் கதை வேறு, ஒரு சொட்டு என்றாலும் உடனே சதைப் பரிசோதனை வேண்டும்.


செம்பருத்தி
வியாழன், இரவு 9.05

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுதி வைத்த கேள்வியெல்லாம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நாற்காலியைத் திருப்பி ஸ்கிரீனில் கேமரா படத்தையே காட்டினார். உள்சவ்வு வெளிர் ரோஜா நிறமாக இருக்கவேண்டுமாம். எனக்குச் சிவந்து, நடுவில் வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ராபெரிப் பழத்தோல் மாதிரி இருந்தது. அரிசிக் குருணை போல குட்டிக் குட்டியாக மொட்டுகளும் இருந்தன. அழற்சிக்கு இது பொருந்துகிறது, ஆனால் படத்தை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை, ஸ்லைடும் அதையே சொன்னதால்தான் மருந்து தருகிறேன் என்றார். கிரானுலோமா இல்லை. சலைன் பாட்டிலும் தனியாகப் போயிருக்கிறது, சிபிநாட் நெகட்டிவ். தாமிரபரணி அக்கா, உங்கள் பாட்டில் கதையால்தான் இதைக் கேட்கத் தெரிந்தது.

டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 14 நாள். முடித்து அடுத்த மாதவிலக்கு ஆனதும் மறுபடி சதை எடுத்துப் பார்க்கவேண்டும். அதுவரை கருத்தரிக்க வேண்டாம். இந்த மருந்து கருவில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாதாம்.


தாமிரபரணி
வியாழன், இரவு 9.30

நல்ல செய்தி தங்கச்சி. அந்த மாத்திரையை முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கு, விழுங்கியதும் படுக்காதே. அரை மணி நேரமாவது உட்கார். தொண்டையில் ஒட்டினால் நெஞ்சு எரிந்து புண்ணாகும், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இரண்டு நாள் எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தார். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் இரண்டையும் சேர்த்துப் போடாதே, இதன் வேலையைக் கெடுத்துவிடும். எத்தனை மணி நேரம் தள்ளிப் போடவேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள். உச்சி வெயிலில் அலையாதே, தோல் கருக்கும்.


நுண்ணோக்கி
வெள்ளி, காலை 6.20

முறையாகச் செய்கிற டாக்டர், நிம்மதியாக இருங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு மனசு உடையக்கூடாது. மருந்தில் பெரும்பாலோருக்கு அழற்சி போய்விடுகிறது. போகாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. அழற்சி போனவர்களுக்குக் கரு நிற்பது கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தவை. அதனால் இது வாய்ப்பைக் கூட்டும் என்று சொல்லலாம், உறுதி என்று சொல்ல முடியாது.


கெடிலக்கரையான்
சனி, காலை 10.10

நேற்று மாலையிலிருந்து காய்ச்சல் இல்லை. ஸ்கேனில் துணுக்கு எதுவும் இல்லை என்றார்கள். இன்னும் ஒரு நாள் டிரிப் போட்டுவிட்டு அனுப்புவார்களாம். பிள்ளை தாய்ப்பால்தான் குடிக்கிறான். மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நானாகவே கஷாயம் கொடுத்து நேரத்தைப் போக்கிவிட்டேனே" என்று அழுதுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை அம்மா, நானும் சொல்லவில்லை.


வைகைக்கரை
சனி, காலை 10.40

அவர் கையைப் பிடித்து, வாடை வந்தது என்று டாக்டரிடம் உண்மையைச் சொன்னது அவர்தான் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய உதவி.


செம்பருத்தி
ஏழு வாரம் கழித்து

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் மறுபடி சதை எடுத்தார்கள். இன்று ரிப்போர்ட் வந்தது. "பிளாஸ்மா செல்கள் காணப்படவில்லை." இந்தத் தடவை வலி கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் பயம் இல்லை. இரண்டு பாட்டிலையும் நானே பார்த்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நுண்ணோக்கி சொன்னதை நினைவில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்போ அன்னைக்குப் பத்து நாள் மாத்திரை சாப்பிட்டியே, அது எதுக்கு?" என்று கேட்டார். அந்தப் பழைய சீட்டை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மருந்துப் பெயர் இருக்கிறது, என்ன நோய் என்று எழுதவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.


கொங்குமகள்
அதே நாள், இரவு 10.15

அம்மாவின் சீட்டையும் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அதிலும் காலிதான். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டது. ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிட்டோம். திங்கட்கிழமை வேறு டாக்டரிடம் போகிறோம். கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், முதல் கேள்வி நோயின் பெயர் என்ன என்பது.